பொதுவினாவும் தனிவினாவும்

ஐயம் எழுந்தவுடன் பிறரை வினவுதல் எளிது. அவ்வினா பலர்க்கும் உரியதா, தமக்கே உரியதா எனப் பகுத்தறிதல் அரிது. கணிப்பொறி வரலாற்றின் தொடக்கத்திலேயே இப்பகுப்புத் தோன்றிவிட்டது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே 6ஆம் நாள் 'எட்சாக்' என்னும் கணிப்பொறி தன் முதற் கணக்கைச் செய்தது. வகுத்தலுக்கு அதில் தனி ஆணை இல்லை. வகுத்தலோ வானியலார்க்கும் வேதியியலார்க்கும் ஒருங்கே வேண்டுவது. ஒவ்வொருவரும் அதற்குரிய நிரலைத் தாமே எழுதினால் காலம் வீணாகும், பிழையும் பெருகும். ஆதலின் மோரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் முதலியோர் இத்தகைய பொதுத் தேவைகளுக்கான துணைநிரல்களைத் தாள்நாடாக்களில் துளையிட்டு, நூலகம்போல் தொகுத்து வைத்தனர். 1951இல் அவை 87 ஆயின. அவற்றை விளக்கும் நூலும் அவ்வாண்டே வெளிவந்தது.

ஆயினும், ஒருவர் தம் ஆய்வுக்கென எழுதிய நிரலில் நேர்ந்த பிழைக்கு அத்தொகுப்பில் விடை இல்லை. தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தம் பிழைகளைத் தேடுவதிலேயே கழியும் என்பதை வில்க்ஸே 1949இல் உணர்ந்தார். பொதுவினாவின் விடையைப் பலரும் பகிர்ந்துகொண்டனர்; தனிவினாவை ஆராயும் பொறுப்பு எழுதியவரிடமே நின்றது. மாணவர் வினாக்களை நாள்தோறும் எதிர்கொள்ளும் ஆசிரியர்க்கும் இப்பகுப்புப் பயன்படும்.