டிஸ்க் இருக்கு... ஆனா தெரியல! - ஒரு குட்டி வரலாறு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. மதியம் சாப்பிட்டுட்டு கொஞ்சம் கண்ணசரலாம்னு பாத்தா, சித்தப்பா பொண்ணு லேப்டாப்போட வந்து நிக்கிறா. அழுத மூஞ்சி.

"அண்ணா, விண்டோஸ் ஓபன் ஆகல. கடையில குடுத்தேன். டிஸ்க் செத்துப்போச்சு, புதுசு மாத்தணும்ங்கறாங்க. என் ஃபைனல் இயர் புராஜெக்ட் மொத்தமும் அதுலதான்ணா இருக்கு."

"செத்துப்போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்களாம்?"

"விண்டோஸ் பென் டிரைவ் போட்டாங்க. எந்த டிஸ்க்ல இன்ஸ்டால் பண்ணணும்னு கேக்கற எடத்துல லிஸ்ட் காலியா இருந்துச்சு."

எனக்குப் பாதி உயிர் வந்துடுச்சு. ஏன்னா இந்தக் 'காலி லிஸ்ட்'டுக்கு முப்பது வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. அதுல பல தடவை டிஸ்க் மேல தப்பே கிடையாது. அவ கதையை அப்படியே நிறுத்திட்டு கொஞ்சம் பின்னாடி போவோம் (கொசுவத்தி சுத்துங்கப்பா!).

1983-ல வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டில ஹார்ட் டிஸ்க் வெறும் 10 எம்பி. டிஸ்க்ல ஒரு எடத்தைச் சொல்லணும்னா சிலிண்டர், ஹெட், செக்டர்னு மூணு எண் வேணும். பயாஸ் சிலிண்டருக்கு 1024, ஹெட்டுக்கு 256, செக்டருக்கு 63ன்னு எல்லை வச்சிருந்துச்சு. அப்புறம் வந்த ஐடிஇ டிஸ்க்குகள் வேற கணக்கு: சிலிண்டர் 65,536 வரைக்கும் போகலாம், ஆனா ஹெட் 16 தான். ரெண்டும் பேசிக்கணும்னா எது சின்னதோ அதுதான் எல்லை. 1024 x 16 x 63 x 512 பைட். போட்டுப் பாருங்க, 504 எம்பி. தனித்தனியா ரெண்டு பேரும் தாராளமாத்தான் எடம் விட்டிருக்காங்க. சேர்ந்தப்போ மாட்டிக்கிச்சு. அதுக்கு மேல வாங்கின டிஸ்க்ல மிச்சம் கண்ணுக்கே தெரியாது.

ஹெட் கணக்கை மாத்திச் சொல்லி ஒப்பேத்தினாங்க. எல்லை 8.4 ஜிபிக்குப் போச்சு. ரெண்டு ஓஎஸ் போடறவங்களுக்கு இங்கதான் சனி. அப்போ லினக்ஸை பூட் பண்ற லைலோவும் பயாஸைத்தான் நம்பி இருந்துச்சு. முன்னாடி எடத்தை விண்டோஸ் புடிச்சிக்கிட்டு, லினக்ஸ் கர்னல் 1024-வது சிலிண்டரைத் தாண்டி உக்காந்துட்டா பூட் ஆகாது. டிஸ்கோட முன்பக்கத்துல சின்னதா ஒரு பூட் பார்ட்டிஷன் போடற பழக்கத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது 137 ஜிபி. முகவரிக்கு 28 பிட் போதும்னு நெனச்சதோட விளைவு. 48 பிட்டா மாத்தினாங்க. 2001-ல வந்த முதல் எக்ஸ்பிக்கு அது தெரியாது, 2002-ல சர்வீஸ் பேக் 1 வந்துதான் சரியாச்சு.

அப்புறம் சாட்டா. எக்ஸ்பி வந்தது 2001, ஏஹெச்சிஐ வரையறை வந்தது 2004. பொறக்காத புள்ளைக்கு சிடியில டிரைவர் எப்படி இருக்கும்? புது மெஷின்ல எக்ஸ்பி போட்டா 'ஹார்ட் டிஸ்கே இல்ல'ன்னுடும். ஆரம்பத்துலயே எஃப்6 அமுக்கி ஃப்ளாப்பியில டிரைவர் குடுக்கணும். அந்த மெஷின்ல ஃப்ளாப்பி டிரைவே இருக்காதுங்கறதுதான் காமெடி :-)

லினக்ஸ் மட்டும் யோக்கியமான்னு கேக்காதீங்க. 2007-ல ஃபெடோரா 7 வந்தப்போ, ஹெச்டிஏன்னு இருந்த டிஸ்க் எஸ்டிஏன்னு பேர் மாறிடுச்சு. பழைய பேரை எழுதி வச்ச ஃபைலெல்லாம் இல்லாத ஆளைத் தேடிக்கிட்டு நின்னுச்சு. பேருக்குப் பதிலா யூயூஐடி எண்ணை எழுதறது நல்லதுன்னு பல பேர் பட்டுத்தான் கத்துக்கிட்டாங்க.

எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள்ல 32 பிட், அதனால 2.2 டிபி எல்லை. 2010-ல 3 டிபி டிஸ்க் வந்ததும் அதுவும் பத்தல. ஜிபிடியும் யூஇஎஃப்ஐயும் வீட்டு மெஷினுக்கு வந்து சேர்ந்துச்சு. ஒரு ஓஎஸ்ஸை பழைய முறையிலயும் இன்னொன்னை யூஇஎஃப்ஐ முறையிலயும் போட்டா ஒண்ணோட பூட் மெனுவுல இன்னொண்ணு வராம போறது அந்தக் காலத்துச் சண்டை.

கடைசியா நம்ம கதைக்கு வருவோம். 2020-ல வந்த 11-வது தலைமுறை இன்டெல் லேப்டாப்புகள் பலதுல விஎம்டின்னு ஒண்ணு ஆன் ஆகியே வருது. என்விஎம்இ டிஸ்க் அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கும். டிரைவர் இருந்தாத்தான் வெளிய வரும். விண்டோஸ் 10 பென் டிரைவ்ல அந்த டிரைவர் இல்ல. லினக்ஸ் கர்னல்ல இருக்கு.

தங்கச்சி லேப்டாப்ல பயாஸைத் திறந்தேன். எஸ்எஸ்டி பேரு ஜம்முனு இருக்கு. உபுண்டு பென் டிரைவ்ல, இன்ஸ்டால் பண்ணாம, சும்மா பூட் பண்ணினேன். 512 ஜிபியும் கண்ணு முன்னாடி. புராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து காட்டினதும் மறுபடி அழுதா, இது வேற அழுகை. மொதல்ல எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல காப்பி. அப்புறம் லேப்டாப் கம்பெனி தளத்துலேர்ந்து டிரைவரை எறக்கி, விண்டோஸ் இன்ஸ்டாலர்ல 'லோட் டிரைவர்' குடுத்தா டிஸ்க் வந்துடுச்சு. பக்கத்துலயே உபுண்டுவும் போட்டாச்சு.

அதனால மக்களே, லிஸ்ட் காலியா இருந்தா:

1. மொதல்ல பயாஸ்ல பாருங்க. அங்கயும் இல்லன்னா கேபிள், கனெக்‌ஷனைப் பாருங்க.
2. பயாஸ்ல இருந்தா வேற ஓஎஸ்ஸை பென் டிரைவ்ல பூட் பண்ணிப் பாருங்க. தெரிஞ்சா டேட்டாவை எடுத்துட்டுத்தான் மத்த வேலை.
3. விண்டோஸ் ஓடிக்கிட்டு இருக்கற மெஷின்ல பயாஸ்ல விஎம்டி, ரெய்டு, ஏஹெச்சிஐன்னு கண்ணை மூடிக்கிட்டு மாத்தாதீங்க. நீலத் திரை வரும். பிட்லாக்கர் இருந்தா ரெகவரி கீ கையில இருக்கணும்.
4. டிஸ்க்லேர்ந்து 'டிக் டிக்'னு சத்தம் வந்தா மட்டும் உடனே ஆஃப் பண்ணிடுங்க. அது நெஜமாவே உடம்பு சரியில்லாதது.

504 எம்பிலேர்ந்து விஎம்டி வரைக்கும் கதை ஒண்ணுதான். யாரோ 'இது போதும்'னு போட்ட ஒரு கோடு, இல்லன்னா பழசுக்குப் புதுசோட பாஷை புரியாதது. தெரியலங்கறதும் செத்துப்போச்சுங்கறதும் வேற வேற. அதுக்கு நடுவுல ஒரு பொண்ணோட ஒரு வருஷ உழைப்பு மாட்டிக்கிட்டு இருந்துச்சு.

டிஸ்கி: புராஜெக்டுக்கு பேக்கப் எங்கன்னு தங்கச்சியைத் திட்டினேன். "நீ எடுத்திருக்கியாண்ணா?"ன்னு திருப்பிக் கேட்டா. பேச்சை மாத்திட்டேன். ஹி..ஹி..