முந்திக்கொண்ட தண்ணீர்

மின்னாற்பகுப்பின் கதை – 3

1807 அக்டோபர் 6. லண்டன் ஆல்பமார்ல் தெருவில் இருக்கும் ராயல் இன்ஸ்டிடியூஷனின் ஆய்வகத்தில் 28 வயது வேதியியல் பேராசிரியர் ஒருவர் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார். பெயர் ஹம்ப்ரி டேவி. அவர் ஆடி முடித்து நிதானத்துக்கு வர நேரம் பிடித்தது என்று, உதவியாளராக உடனிருந்த உறவினர் எட்மண்ட் டேவி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதுவரை மனிதக் கண் காணாத ஓர் உலோகத்தை அன்று டேவி பார்த்திருந்தார்.

1800-ல் நிக்கல்சனும் கார்லைலும் வோல்டாவின் மின்னடுக்கைக் கொண்டு தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் சோதனை டேவியின் மனதில் ஒரு கேள்வியைப் போட்டது. தண்ணீரையே மின்சாரம் பிரிக்கிறது என்றால், அதன் பகுதிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பதும் மின்விசைதானோ? 1806-ல் ராயல் சொசைட்டியில் ஆற்றிய உரையில் இந்தக் கருத்தை அவர் விரித்துரைத்தார். இங்கிலாந்தும் பிரான்ஸும் போரில் மோதிக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் பிரெஞ்சு அறிவியல் கழகம் அந்த ஆய்வுக்காக அவருக்குப் பரிசு அறிவித்தது.

கருத்தைச் சோதித்துப் பார்க்க டேவி தேர்ந்தெடுத்த பொருள் காஸ்டிக் பொட்டாஷ். மரச்சாம்பலிலிருந்து கிடைக்கும் காரம் சோப்புக்காரர்களுக்கும் கண்ணாடி செய்பவர்களுக்கும் பழகிய சரக்குதான். எவ்வளவு சூடாக்கினாலும் அது பிரியவில்லை. ஆனாலும் அது கூட்டுப்பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்ற சந்தேகத்தில், 1789-ல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் லவாய்சியே அதைச் சேர்க்கவில்லை.

முதலில் டேவி பொட்டாஷைத் தண்ணீரில் கரைத்தார். செம்பும் துத்தநாகமும் கொண்டு செய்த, கையில் இருந்த மின்கலங்களையெல்லாம் இணைத்து மின்சாரம் பாய்ச்சினார். கரைசல் சூடாகி நுரைத்தது. கிடைத்ததோ, ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும்தான். பிரிந்தது தண்ணீர், பொட்டாஷ் அப்படியே இருந்தது.

ஏன் அப்படி? எலக்ட்ரானைப் பற்றி உலகத்துக்குத் தெரிய வந்ததே 1897-ல்தான். அதனால் டேவிக்குத் தெரியாத விடை இன்றைய பள்ளி மாணவருக்குத் தெரியும். கரைசலில் பொட்டாசியம் நேர்மின் அயனியாக இருக்கிறது. எதிர்மின்வாயில் எலக்ட்ரானைப் பெற்றால்தான் அது உலோகமாக மாறும். ஆனால் பொட்டாசியம் அயனியைக் காட்டிலும் தண்ணீர் எளிதாக எலக்ட்ரானை ஏற்றுக்கொள்ளும். பாயும் எலக்ட்ரானைத் தண்ணீர் முந்திக்கொண்டு வாங்கி ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. பொட்டாசியம் அயனி கரைசலிலேயே தங்கிவிடுகிறது. இதில் மின்கலத்தைப் பெரிதாக்கிப் பயனில்லை. நுரைதான் கூடும்.

தண்ணீரை விலக்க வேண்டும் என்பது டேவிக்குப் புரிந்தது. ஆனால் உலர்ந்த பொட்டாஷ் மின்சாரத்தைக் கடத்தவே இல்லை. திண்மத்தில் அயனிகள் இருந்த இடத்தைவிட்டு அசைய முடியாது. அயனி நகராமல் மின்னாற்பகுப்பு நடக்காது. அடுத்து, பிளாட்டினக் கரண்டியில் பொட்டாஷை உருக்கினார். இப்போது மின்சாரம் பாய்ந்தது. எதிர்மின் கம்பியின் அருகே பிரகாசமான சுடர் எழுந்தது. எரியக்கூடிய ஏதோ ஒன்று உண்டாகிறது. ஆனால் அந்தச் சூட்டில் உண்டான கணமே எரிந்துபோகிறது!

அக்டோபர் 6 அன்று அவர் பிடித்தது நடுவழி. ஒரு சிறு பொட்டாஷ் துண்டைச் சில நொடிகள் காற்றுப்பட வைத்தார். காற்றின் ஈரத்தை உறிஞ்சி அதன் மேற்பரப்பு மட்டும் மின்சாரத்தைக் கடத்தும் அளவுக்கு நனைந்தது. எதிர்மின் முனையோடு இணைத்த பிளாட்டினத் தட்டில் அந்தத் துண்டை வைத்து, நேர்மின் கம்பியை மேலே தொட வைத்தார். 6 அங்குலத் தகடுகள் 100, 4 அங்குலத் தகடுகள் 150 கொண்ட மின்கலத் தொகுதி அது. தொட்ட இடங்களில் மின்சாரத்தின் சூட்டிலேயே பொட்டாஷ் உருகத் தொடங்கியது. மேல்பக்கம் வாயு பொங்கியது. கீழ்ப்பக்கத்தில் வாயு இல்லை; பாதரசத் துளிகள் போன்ற பளபளக்கும் உருண்டைகள் தோன்றின. சில பட்டென்று வெடித்து எரிந்தன. மற்றவை சற்று நேரத்தில் மங்கி, வெண்படலம் பூத்தன. தண்ணீரில் போட்டால் மிதந்தபடி தீப்பற்றும் அந்த உலோகம்தான் பொட்டாசியம்.

அடுத்த சில நாட்களில் காஸ்டிக் சோடாவிலிருந்து சோடியம் வந்தது. நவம்பர் 19-ம் தேதி ராயல் சொசைட்டியில் இரண்டையும் அறிவித்த கையோடு டேவி கடும் நோயில் விழுந்தார். பிழைத்தெழுந்து, 1808-ல் மக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் என நான்கு உலோகங்களைப் பிரித்தார். பாதரசத்தை எதிர்மின்வாயாக வைக்கும் வழியை அவருக்குக் காட்டியவர்கள் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்சீலியஸும் போன்டினும்.

‘உருகிய சோடியம் குளோரைடிலிருந்து சோடியம் கிடைக்கும், அதன் கரைசலிலிருந்து ஹைட்ரஜன்தான் கிடைக்கும்’ என்று மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வரி, டேவியின் அந்த முதல் தோல்வியைத்தான் விதியாகச் சொல்கிறது. 1886-ல் அமெரிக்காவின் ஹாலும் பிரான்ஸின் ஹெரூல்ட்டும் அலுமினியத்தைப் பிரிக்க அலுமினாவைக் கரைத்தது உருகிய கிரையோலைட்டில்; அங்கே தண்ணீருக்கு இடமே இல்லை. தண்ணீர் முந்திக்கொள்வதாலேயே பிழைக்கும் தொழிலும் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் நடப்பதுபோல, உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் நேர்மின்வாயில் குளோரின் வரும், எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் வரும், கரைசலில் காஸ்டிக் சோடா மிஞ்சும். டேவிக்கு வேண்டாத விளைவு, காஸ்டிக் சோடா ஆலைக்கு வருமானம்.

எது பிரியும் என்பதை டேவி காட்டிவிட்டார். இவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு பிரியும் என்ற கணக்கு மட்டும் மிச்சமிருந்தது. 1812-ல் அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தானே அதைப் பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார் புத்தகம் கட்டும் தொழில் பழகிய ஓர் இளைஞர். அடுத்த ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்த அந்த மைக்கேல் ஃபாரடேதான் கணக்கை முடித்தவர். அதற்கு அவர் 1830-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாம் அடுத்த வாரம் வரை காத்திருந்தால் போதும்.

(தொடரும்)