சங்கிலி அளந்த மலை

புவியியல் படித்தால் ஆசிரியர் வேலைதான் என்று சொல்வோர் இலங்கையின் யட்டியாந்தோட்டை றப்பர் மலைகளைச் சற்றே நிமிர்ந்து பார்க்க வேண்டும். அந்தத் தோட்டங்கள் மரமாவதற்கு முன் வரைபடமாக இருந்தன. 1800இல் உருவான நில அளவைத் திணைக்களம் இல்லாமல், உரிமை நிரூபிக்கப்படாத காட்டை முடிக்குரியதாகக் கொண்ட 1840ஆம் ஆண்டுச் சட்டம் வெறும் காகிதம்தான். 66 அடி நீளம், 100 கண்ணி கொண்ட இரும்புச் சங்கிலியைச் சரிவில் இழுத்து அளந்த பிறகே காடு ஏக்கர்க் கணக்காகி விலைபோனது. களனிப் பள்ளத்தாக்கு வழியே வந்த குறுகிய ரயில்பாதைக்கும் யாரோ மட்டம் பார்த்துத்தான் தடம் குறித்தார்கள். இந்த மண்ணில் புவியறிவு ஆதியிலிருந்தே தொழில்தான். ஆனால் அதன் பலன் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்கு வரவில்லை.

நில அளவையாளராகக் கணிதம் வேண்டுமே, புவியியல் படிக்கும் கலைப்பிரிவு மாணவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது; அந்தக் கதவு அவர்களுக்குக் குறுகியதே. ஆனால் வேலை அளவையோடு முடிவதில்லை. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து உயிர்களை விழுங்கியது. சரிவின் கோணம், மண்ணின் ஆழம், மழையளவு, நிலப் பயன்பாடு ஆகியவற்றை அடுக்கி அபாய வரைபடம் தயாரிப்பது புவியியல் பட்டதாரி கற்கும் புவியியல் தகவல் முறைமையின் அன்றாட வேலை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இயங்கும் களம் இது. செய்மதி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்பவர்களுக்கு ஒன்று: லயத்தின் பின்சுவரில் புதிதாக ஓடும் விரல் அகல வெடிப்பு செய்மதிப் படத்தில் தெரியாது. அதைக் கண்டு, அங்கு வாழ்வோரிடம் தமிழில் விசாரித்து, வரைபடத்தில் குறிக்க ஓர் ஆள் வேண்டும்.