தோட்டத்துப் பள்ளியின் பன்மொழிப் பிள்ளைகள்

தமிழ்ப்பள்ளி என்றதும் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே பயின்ற இடம் என்று எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நெகிரி செம்பிலானின் பகாவ் வட்டாரத்தை மனத்தில் கொண்டு அவ்வெண்ணத்தைச் சற்று ஆராய்வோம்.

1910ஆம் ஆண்டில் கிம்மாஸிலிருந்து இருப்புப்பாதை பகாவை எட்டியது. கெடிஸ், ஜெராம் பாடாங் முதலிய தோட்டங்களைக் கொண்ட இவ்வட்டாரம் ரப்பரால் வளர்ந்தது. கங்காணிமார் திரட்டி வந்தோருள் தமிழரே மிகுதி. ஆயினும் மலாயாவின் இந்தியருள் அவர்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினரே. எஞ்சியோருள் விசாகப்பட்டினத்துப் பகுதியிலிருந்து வந்த தெலுங்கரும், பால்வெட்டுத் தொழிலாளராகவும் கிராணிமாராகவும் வந்த மலையாளிகளும் இருந்தனர்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பிள்ளைகளின் தாய்மொழிகள் பலவாயினும் தோட்டத்திற்குப் பெரும்பாலும் ஒரே பள்ளிதான்; பல இடங்களில் ஒரே ஆசிரியர்தான். தெலுங்கர் செறிந்திருந்த கீழ்ப் பேராக் போன்ற பகுதிகளில் தெலுங்குப் பள்ளிகள் இயங்கின. மலையாளப் பள்ளிகளும் சில இருந்தன. லயத்தில் ஓரிரு வீடுகளில் மட்டும் தெலுங்கோ மலையாளமோ ஒலித்த தோட்டத்திலோ, அப்பிள்ளைகளுக்கு வாய்த்தது தமிழ்ப்பள்ளியே. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கைக்குப் பின் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகியவையே தொடக்கப்பள்ளியின் பயிற்றுமொழிகளாயின. ஏனைய இந்திய மொழிகளின் பள்ளிகள் மங்கி மறைந்தன.

இதனால் தமிழ் பெற்ற வலிமையைப் பலரும் எழுதியுள்ளனர். அவ்வலிமையின் மறுபக்கத்தை எழுதியோர் சிலரே. பேரன் பள்ளியில் கற்றது தமிழ். பாட்டி பேசியது தெலுங்கு. இரண்டு தலைமுறைகளில் அவ்வீட்டின் பேச்சும் தமிழாயிற்று. இன்று தமிழர் என அறியப்படும் குடும்பங்கள் சிலவற்றின் மூதாதையர் மொழி வேறாக இருத்தல் கூடும். பதிவேட்டின் ‘இந்தியர்’ என்னும் ஒற்றைச் சொல் இதனைக் காட்டுவதில்லை.

மொழியியல் கற்ற நமக்கு இங்கே சுவையான செய்தி வகுப்பறையில்தான் இருக்கிறது. தெலுங்கில் பெண்பால் ஒருமைக்கும் அஃறிணை ஒருமைக்கும் வினைமுடிபு ஒன்றே. ‘வச்சிந்தி’ என்பது அவள் வந்தாள் என்றும் பொருள்படும், அது வந்தது என்றும் பொருள்படும். அவ்வீட்டுப் பிள்ளை ‘அம்மா வந்தது’ என்று எழுதினால், அது தன் வீட்டு இலக்கணத்தைத் தமிழில் பெயர்த்தெழுதியதேயன்றி அறியாமையன்று. (தமிழ் வட்டார வழக்குகள் சிலவும் ‘அக்கா வந்துச்சு’ என்கின்றன, ஆகவே பிழை என்று சிவப்பு மை தொடும் முன் அப்பிள்ளையின் வீட்டுமொழியைக் கேட்டறிதல் நலம்.) மலையாளத்திலோ ‘வந்நு’ என்னும் ஒரே வடிவம் தன்மைக்கும் முன்னிலைக்கும் படர்க்கைக்கும் பொதுவாகும். வந்தேன், வந்தாய், வந்தான் என்னும் விகுதி வேறுபாடு அம்மாணவனுக்குப் புதிது. ழகரமோ அவன் வீட்டிலேயே இருந்தது. அதில் அவன் தமிழ்ப் பிள்ளைகள் பலரை விஞ்சியிருத்தல் கூடும்!

ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை வந்தபின் தொழிலாளர் குடும்பங்கள் பட்டணங்களுக்கும் தாமான்களுக்கும் பெயர்ந்தன. தோட்டத்துப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் தொகை சுருங்கியது. நாட்டின் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் இன்று மலாய்ப் பிள்ளைகளும் ஓராங் அஸ்லி பிள்ளைகளும் சிறு எண்ணிக்கையில் பயில்கின்றனர். இதனை வியப்பாகவோ, பள்ளியைக் காக்கும் எண்ணிக்கையாகவோ மட்டும் கருதுவது நமக்கு உடன்பாடன்று. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்கும் வேலையைத் தோட்டத்து ஒற்றை ஆசிரியர்கள் என்றோ செய்தனர். அதற்கெனத் தனிப் பாடநூலின்றியே செய்தனர். அவர்கள் கையாண்ட வழிகளுள் எழுத்தில் எஞ்சியவை மிகச் சில. அவ்வகுப்புகளில் அமர்ந்தோர் இன்று முதியோராய் நம்மிடையே வாழ்கின்றனர். வீட்டில் எம்மொழி பேசினர், எப்போது நிறுத்தினர் என்று அவர்களைக் கேட்டு எழுதிவைக்கும் பணியைப் பகாவ் வட்டார மாணவர்கள் இவ்வாண்டே தொடங்கலாம்.