பார்த்தீனியத்தைத் தின்னும் மெக்சிகோ வண்டு: சூரியகாந்திக்கு ஆபத்தா?

புனே நகரின் குப்பைமேடுகளில் 1955-ஆம் ஆண்டு அறிமுகமில்லாத ஒரு செடி கண்டறியப்பட்டது. கேரட் இலையை ஒத்த இலைகளும் சிறிய வெண்ணிறப் பூக்களும் கொண்ட அந்தச் செடிதான், பின்னர் நாடு முழுவதும் பரவிய பார்த்தீனியம். பி.எல். 480 திட்டத்தின்கீழ் வந்த அமெரிக்க கோதுமையுடன் இது நுழைந்ததாகப் பரவலாகக் கூறப்படுகிறது. ஆனால், அத்திட்டத்தில் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது 1956-இல்தான்.

ஒரே செடி 10 ஆயிரத்துக்கும் அதிகமான விதைகளை உதிர்க்கும். பிடுங்கி எறிவோருக்குத் தோல் அழற்சியும் ஏற்படுகிறது. எனவே, இச்செடியின் இலைகளைத் தின்னும் 'சைகோகிராமா பைகோலோரேட்டா' என்ற வண்டை மெக்சிகோவிலிருந்து 1983-இல் தருவித்தது பெங்களூருவில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம்.

இத்தகைய பூச்சிகளை உடனே வயலில் விடுவதில்லை. வேறு உணவு தராமல் ஒவ்வொரு பயிரின் இலையையும் மட்டும் கொடுத்து, வண்டு அதைத் தின்கிறதா, முட்டையிடுகிறதா, புழு முழு வளர்ச்சி அடைகிறதா எனப் பார்க்கிறார்கள். சுமார் 40 தாவர வகைகளில் இவ்வாறு சோதித்த பின்னர், 1984-இல் வண்டுகள் வெளியில் விடப்பட்டன.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. உண்ணிச்செடிப் புதர்களை அழிப்பதற்காக 1941-இல் டேராடூனுக்குக் கொண்டுவரப்பட்ட 'டெலியோனீமியா' பூச்சி, தேக்கையும் தாக்கக்கூடும் எனச் சோதனையில் தெரியவந்தது. வளர்ப்புப் பூச்சிகள் அழிக்கப்பட்டன. ஆயினும் சில தப்பிவிட்டன. பின்னர் அவை வெளியில் உண்ணிச்செடிகளில் காணப்பட்டன.

மெக்சிகோ வண்டு தொடர்பாகவும் சர்ச்சை எழுந்தது. 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் சூரியகாந்தி வயல்களில் இவ்வண்டுகள் இலைகளைத் தின்பதாகத் தகவல் வந்தது. சூரியகாந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் அச்சம் வலுத்தது. மத்திய அரசு ஆய்வுக் குழுவை அமைத்தது. அருகிலுள்ள பார்த்தீனியத்தின் மகரந்தம் காற்றில் வந்து சூரியகாந்தி இலைகளில் படிவதே வண்டுகளைத் தின்னத் தூண்டுகிறது என ஆய்வாளர்கள் விளக்கினர். ஆய்வகத்தில் சுத்தமான இலைகளை மட்டுமே வைத்துச் சோதித்தால் இது புலப்பட வாய்ப்பில்லை. சூரியகாந்திக்குப் பெரும் ஆபத்தில்லை என்பதே இறுதி முடிவு.

வண்டின் பலவீனம் வேறு. வறண்ட மாதங்களை அது மண்ணுக்குள் உறங்கிக் கழிக்கிறது. பருவமழையில் வெளிவந்து பெருகுவதற்குள், முன்னதாக முளைத்த பார்த்தீனியச் செடிகள் பல பூத்து விதை உதிர்த்துவிடுகின்றன.