பனாரசிதாசர் தொலைத்த மாணிக்கங்கள்

1641-ஆம் ஆண்டு ஆக்ராவில் பனாரசிதாசர் என்னும் சைன வணிகர் தம் வாழ்க்கை வரலாற்றை 675 செய்யுள்களில் எழுதி முடித்தார். நூலின் பெயர் ‘அர்த்தகதானகம்’, அதாவது பாதிக் கதை. மனிதனுக்கு முழு ஆயுள் 110 ஆண்டு என்று கொண்டால், அப்போது 55 வயதை எட்டியிருந்த அவர் சொல்ல முடிந்தது பாதியைத்தான். இந்திய மொழிகளில் தோன்றிய முதல் தன்வரலாறு என்ற சிறப்போடு இந்நூல் நம் கருத்தரங்குகளில் வலம் வருகிறது. ‘தன்னிலை’, ‘அகம்’ பற்றிய கட்டுரைகளுக்கு மேற்கோளாகவும் பயன்படுகிறது. அதை ஒரு வணிகத் தோல்வியின் ஆவணமாகப் படிப்பவர்கள் குறைவு. முகலாயர் காலப் பொருளாதார வரலாறு பயிலும் மாணவர்கள் அவ்வாறும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

1586-இல் சௌன்பூரில் ஒரு நவமணி வணிகர் வீட்டில் பிறந்தவர் பனாரசி. சிறுவயதில் சோழிகளை வாங்கி விற்று ஓரிரு காசு ஈட்டி அதைப் பாட்டியிடம் கொடுத்ததாகவும், பேரனின் முதல் சம்பாத்தியம் என்று மகிழ்ந்து பாட்டி இனிப்பு வழங்கியதாகவும் அவரே எழுதுகிறார். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. பதினான்கு வயதில் நிகண்டு, சோதிடம், அணியிலக்கணம் ஆகியவற்றில் மனம் சென்றது. அதன்பின் காதலிலும் கவிதையிலும் மூழ்கினார். குடும்பப் பெரியவர்கள் கூடி அறிவுரை சொன்னார்கள். மிகுந்த படிப்பு அந்தணருக்கும் பாணருக்கும் உரியது, வணிகன் மகன் கடையில் உட்கார வேண்டும், அளவு மீறிப் படித்தவன் பிச்சைதான் எடுப்பான் என்பது அதன் சாரம். பனாரசி கேட்கவில்லை.

இந்த இடத்தில் வாசகர் இருதரப்பாகப் பிரிவதைக் கண்டிருக்கிறேன். பெரியவர்கள் சொன்னபடியே நடந்ததே என்பர் ஒரு சாரார். சாதிவேலி தாண்டிய இளைஞனைப் பழைமை தடுத்தது என்பர் மறுசாரார். இரண்டுமே அவசர முடிவுகள் என்று தோன்றுகிறது. பெரியவர்கள் பனாரசிக்குச் சொன்னது அறம். அவருக்குத் தேவைப்பட்டது தொழில்.

அவருடைய தந்தை கரக்சேனரின் இளமையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இளம் வயதிலேயே தந்தையை இழந்த கரக்சேனர், சௌன்பூரில் நவமணி வணிகராக இருந்த தாய்வழிப் பாட்டனார் மதன்சிங்கின் வீட்டில் வளர்ந்தார். நாணயம் சோதித்தல், பொன் வெள்ளியின் மாற்று அறிதல், கணக்கு எழுதுதல் யாவும் அங்கே கடையில் இருந்தபடி கற்றவை. பின்னர் வங்காளத்தில் தம் இனத்தவரான ஓர் அதிகாரியின் கீழ் நான்கு பர்கனாக்களின் பொக்கிஷப் பொறுப்பைக் கவனித்தார். ஆக்ராவில் கடை வைத்தபோதும் தனியே வைக்கவில்லை. உறவுமுறையில் சிற்றப்பாவான சுந்தரதாசருடன் கூட்டுச் சேர்ந்தார். ஒவ்வொரு படியிலும் அருகே மூத்தவர் ஒருவர் இருந்தார். கரக்சேனர் பெற்றது புத்திமதி அன்று, பக்கத்தில் உட்காரும் இடம்.

மகனுக்கோ அது வாய்க்கவில்லை. நடுவே பனாரசி ஆலோசனை தேடாமலும் இல்லை. தவறான இடத்தில் தேடினார். ஒரு மந்திரத்தை ஓராண்டு இரகசியமாகச் செபித்தால் நாள்தோறும் வாசலில் ஒரு தினார் கிடைக்கும் என்று ஒரு சந்நியாசி சொல்ல, ஓராண்டும் செபித்துவிட்டு வாசலைத் துழாவிப் பார்த்தார். முதலீடின்றி நாள்வருமானம் வாக்களிக்கும் இன்றைய விளம்பரங்களுக்கு நானூறு ஆண்டு மூத்த முன்னோடி அந்தச் சந்நியாசி.

1610-இல் தந்தை அவரிடம் மாணிக்கங்களும் பிற மணிகளும், 20 மணங்கு நெய்யும், இரண்டு சித்தை எண்ணெயும், சௌன்பூர்த் துணியும் ஒப்படைத்து, பட்டியல் எழுதிக் கொடுத்து ஆக்ராவுக்கு அனுப்பினார். முதலில் ஒரு பகுதி கடன் வாங்கியது. இருபத்து நான்கு வயது இளைஞனுடன் சரக்கு சென்றது, பட்டியல் சென்றது. சந்தையறிந்த மூத்தவர் எவரும் செல்லவில்லை. துணி நட்டத்தில் போயிற்று. நெய்யிலும் எண்ணெயிலும் மிஞ்சியது நான்கு ரூபாய். மணிகளின் கதை இன்னும் பரிதாபம்: இடைநாடாவில் முடிந்து வைத்தவை நாடா அறுந்து விழுந்தன, துணியில் கட்டி வைத்த மாணிக்கங்களை எலி துணியோடு இழுத்துச் சென்றது. நாணயமானவர் யார், அல்லாதார் யார் என்று அறியாமல் கேட்டவர்க்கெல்லாம் சரக்குக் கொடுத்தார். துணிவிலை நிலவரம், மணியைக் கொண்டுசெல்லும் முறை, வாங்குபவரின் தரம் என எதுவும் அவர் கற்ற நிகண்டில் இல்லை. பெரியவர்களின் அறிவுரையிலும் இல்லை என்பதை நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

கைப்பொருள் தீர்ந்தபின் இரவுகளில் பத்து இருபது பேருக்கு ‘மதுமாலதி’யும் ‘மிருகாவதி’யும் பாடிப் படித்துக் காட்டினார். உணவு ஒரு கசோரிக் கடைக்காரரிடம் கடனில். கையில் காசில்லை என்று ஒருநாள் தாமாகவே ஒப்புக்கொண்டபோது, இருபது ரூபாய் வரை ஏறினாலும் யாரும் கேட்க மாட்டார்கள், சாப்பிடு என்றாராம் அவர். பின்னர் தீர்த்த பாக்கி 14 ரூபாய்.

அடுத்த கட்டத்தில்தான் பெரியவர்கள் சரியான செயலைச் செய்தார்கள். தரமதாசன் என்ற போதைப்பழக்கமுள்ள இளைஞனை வழிப்படுத்த எண்ணிய அவன் வீட்டார், பனாரசியை அவனுடன் கூட்டுச் சேர்த்து 500 ரூபாய் முதல் கொடுத்தனர். தோற்றவருடைய அனுபவத்துக்கும் சந்தையில் ஒரு விலை இருந்தது. இரண்டாண்டு மணி வியாபாரத்தின் முடிவில் கணக்குப் பார்த்தபோது, ஈட்டியதும் சாப்பிட்டதும் சரியாக இருந்தன. இலாபமில்லை; ஆனால் முதல் தொலையவில்லை.

கணக்குத் தீர்ப்பது பற்றி நூலில் ஒரு காட்சி உண்டு. சபல்சிங் என்ற பெருவணிகருடன் பனாரசிக்கு இருந்த கூட்டுக் கணக்கு முடியவேயில்லை. அவர் எப்போதும் பாட்டும் கூத்துமாக இருப்பார். நாளை வா என்பார். அந்த நாளை வருவதில்லை. மாதங்கள் கழிந்தன. இறுதியில், சபல்சிங்குக்கு நெருக்கமான அங்கா சாகு என்ற வணிகரிடம் பனாரசி தம் நிலையைச் சொன்னார். அங்கா உடனிருந்து ஏடுகளைப் பார்க்கச் செய்து, விடுதலைப் பத்திரத்தில் இரு தரப்பையும் ஒப்பமிட வைத்தார். அந்தப் பத்திரத்துக்கு ‘பார்கதி’ என்று பெயர். பாரசீகத்திலிருந்து வந்த அதே சொல்தான் தமிழகப் பழைய ஆவணங்களில் ‘பாரிகத்து’ என்று நிற்கிறது.