மார்மன் மாதர் காத்த குறிப்பேடு

சமய வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் தலைவர்களின் சொற்பொழிவுகளையும் சபையின் சட்டங்களையுமே சான்றாகக் கொள்வர். அடியார் உள்ளத்தில் நம்பிக்கை எவ்வாறு வாழ்ந்தது என்பதை அறிய அவை போதா. நாட்குறிப்பும் கூட்டக் குறிப்பும் வேண்டும். அமெரிக்க மார்மன் மாதரின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

1830-ஆம் ஆண்டில் ஜோசப் ஸ்மித் என்பார் நிறுவிய இச்சபையின் பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பதாம். பலதார மணத்தால் இது பெரும் பழிக்குள்ளாயிற்று. 1890-இல் சபைத் தலைவர் அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு அறிவித்தார். எனினும் இச்சபை மாதரைப் பற்றி வெளியுலகம் நெடுங்காலம் பேசியது அது ஒன்றையே. அவர்தம் இறையனுபவத்தை வினவியோர் மிகச் சிலரே.

<b>சங்கத்தின் தோற்றம்</b>

1842 மார்ச் 17-ஆம் நாள் இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில், ஸ்மித்தின் கடை மாடியில், 20 பெண்களைக் கொண்டு மாதர் துயர்துடைப்புச் சங்கம் அமைக்கப்பெற்றது. அவருடைய மனைவி எம்மா தலைவியானார். கவிஞரான எலைசா ஸ்னோ அம்மையார் செயலாளராக அமர்ந்து, பேசியவற்றை ஏட்டில் பதிந்து வந்தார். ஏழையர்க்கு உதவுவதோடு நோயாளிகள்மேல் கைவைத்து வேண்டும் வழக்கமும் அப்பெண்களிடம் இருந்தது. ஏப்ரல் 28-இல் ஸ்மித் அதனை ஆதரித்துப் பேசினார். அன்றே, சங்கத்தின் திறவுகோலைப் 'பெண்களிடம்' திருப்புவதாகக் கூறினார் என எலைசா எழுதி வைத்தார்.

1844-இல் ஸ்மித் கொலையுண்டார். சங்கமும் நின்றது. 1846-இல் மார்மன்கள் வண்டியேறி மேற்கே பெயர்ந்தனர். மிசௌரி ஆற்றங்கரைக் குளிர்காலக் குடியிருப்பில், பெண்கள் தாமே கூடி வேண்டியதையும் ஆவி வரங்களை உணர்ந்ததையும் மருத்துவச்சியான பேட்டி செஷன்ஸ் அம்மையாரின் நாட்குறிப்பால் அறிகிறோம். பேறுகால மங்கையர்க்கு எண்ணெய் பூசி வேண்டுவதும் மாதரிடையே நெடுநாள் நிலவிய வழக்கமாகும்.

<b>ஒரு சொல்லின் மாற்றம்</b>

எலைசா அம்மையார் குறிப்பேட்டை யூட்டாவுக்குக் கொண்டு சென்றார். இதற்கிடையில், 1850-ஆம் ஆண்டுகளின் நடுவே சபை வெளியிட்ட வரலாற்றில் ஸ்மித்தின் அவ்வுரை திருத்தம் பெற்றது. திறவுகோல் 'பெண்களிடம்' என்பது 'பெண்களின் பொருட்டு' என்றாயிற்று. மாற்றம் சிறிது, பொருளோ பெரிது. முன்னதில் அதிகாரம் பெண்களை நோக்கிச் செல்கிறது. பின்னதில் அவர்கள் நன்மை பெறுவோராக நிற்கின்றனர். மூல ஏடு அழிந்திருப்பின் இவ்வேறுபாட்டை எவர் அறிவார்?

1868 முதல் எலைசா ஊர்தோறும் சென்று, அவ்வேட்டைப் படித்துக் காட்டிச் சங்கங்களை மீண்டும் நிறுவினார். 1872-இல் 'உமன்ஸ் எக்ஸ்போனென்ட்' என்னும் மாதர் இதழ் தோன்றி, 1914 வரை நடந்தது. சமய அனுபவமும் வாக்குரிமையும் அதில் ஒருங்கே பேசப்பட்டன.

<b>மறதியும் மீட்சியும்</b>

இருபதாம் நூற்றாண்டில் நிலை மாறியது. நோயுற்றோர்க்கு வேண்ட, குருத்துவம் பெற்ற ஆடவரை அழைப்பதே நன்று என 1946-இல் சபைத் தலைவர்களுள் ஒருவர் மாதர் சங்கத்திற்கு எழுதினார். பழைய வழக்கம் தேய்ந்தது. பேத்திமார் அதனைக் கேள்வியுற்றதும் அரிதாயிற்று.

ஆனால் ஏடுகள் மறக்கவில்லை. 1970-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பாஸ்டன் வட்டாரத்து மார்மன் மாதர், ஹார்வர்டு நூலகத்தில் அப்பழைய இதழின் தொகுதிகளைக் கண்டனர். அதனால் ஊக்கம் பெற்று, 1974-இல் 'இரண்டாம் எக்ஸ்போனென்ட்' என்னும் இதழைத் தொடங்கித் தம் நம்பிக்கையையும் ஐயத்தையும் எழுதலாயினர். நிறுவியோருள் ஒருவரான லாரல் தாட்சர் உல்ரிச், பின்னர் ஒரு மருத்துவச்சியின் நாட்குறிப்பை ஆராய்ந்து எழுதிய நூலுக்காக 1991-இல் புலிட்சர் பரிசு பெற்றார். நாவூ குறிப்பேட்டின் மூலமும், 2016-இல் சபையே வெளியிட்ட ஆவணத் தொகுப்பில் இடம்பெற்றது.

குருத்துவம் இன்றும் ஆடவர்க்கே உரியது. திறவுகோல் என்ற சொல்லால் ஸ்மித் கருதியது யாது என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். அவ்வழக்கு இன்று சான்றோடு நடைபெறுகிறது எனின், அதற்குக் காரணம் செயலாளர் ஒருவர் தாம் கேட்டதைக் கேட்டவாறே எழுதி, அவ்வேட்டை இழக்காமல் காத்தமையேயாகும்.